கொலனிக்கு வந்த இங்கிலீசு

தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்து, அதற்காகவே ஏச்சு வாங்கும் தொழில் ஒன்று உண்டென்றால் அது இங்கிலீசு வாத்தியார் வேலைதான். கணக்கில் பிள்ளை பிழை விட்டால் பிள்ளை மொக்கு என்பார்கள்; இங்கிலீசில் பிழை விட்டால் வாத்தியார் மொக்கு என்பார்கள். பிழை விடாமல் பேசினாலோ, "பெரிய துரை வந்திட்டார்" என்பார்கள். என்னைப் போல வெண்கட்டியும் கையுமாகக் காலம் தள்ளியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்களும் பட்டவர்கள்தானே.

தனிச் சிங்களச் சட்டம் வந்த மறுவருடம் என்னை யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரம் பக்கத்துக் கொலனிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றினார்கள். குடாநாட்டில் காணி போதாத குடும்பங்களைக் கொண்டுவந்து, குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் குடியேற்றியிருந்த இடம். நான் நீளக் காற்சட்டை போட்டு, ரை கட்டி, பளபளக்கும் சப்பாத்தோடு பஸ்சிலிருந்து இறங்கினேன். இறங்கிய இடத்தில் சேறு கணுக்கால்வரை இருந்தது. அன்று தொடங்கிய திகைப்பு நான் அங்கிருந்து மாறிப் போகும்வரை தீரவில்லை.

புதன்கிழமைப் பாஷை

முதல் நாள் ஏழாம் வகுப்புக்குள் போனதும் ஒரு சிறிய பிரசங்கம் செய்தேன். இந்த நாட்டில் சிங்களவர் இருக்கிறார்கள், தமிழர் இருக்கிறார்கள், முஸ்லிம்கள் இருக்கிறார்கள், பறங்கியர் இருக்கிறார்கள். எல்லோரும் தங்களுக்குள் கதைக்க ஒரு பொதுப் பாஷை வேண்டும். அது ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது என்றேன். நான் படித்த கல்லூரியின் விவாத மேடையில் இதே வார்த்தைகளுக்குக் கைதட்டல் வாங்கியவன் நான். இங்கே ஒருவரும் அசையவில்லை.

பின்வாங்கிலிருந்து ஒரு கை எழுந்தது. பெயர் ராசலிங்கம். காலையில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த சேறு முழங்காலில் காய்ந்திருந்தது. "சேர், எங்கட கொலனியிலை இங்கிலீசு தெரிஞ்ச ஆக்கள் எத்தினை பேர்?" என்று கேட்டான். நல்ல கேள்வி என்று நினைத்து விரல் மடித்து எண்ணினேன். நான் ஒருவன். தலைமை ஆசிரியர் ஒருவர். புதன்கிழமைகளில் மருந்து கொடுக்க வரும் அப்போதிக்கரி ஐயா ஒருவர். நாலாவது விரலை மடிக்க ஆள் கிடைக்கவில்லை. ராசலிங்கமும் தன் விரல்களை மடித்துப் பார்த்தான். கிண்டல் பண்ணுகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையான கவலை.

"உங்களோடையும் பெரிய சேரோடையும் கதைக்கப் பயம். அப்ப மிச்சம், புதன்கிழமையிலை, நோய் வருத்தம் வந்தால்தான் கதைக்கலாம். என்ன சேர்?"

மாட்டுக்குப் பாடம்

அதே வகுப்பில் தவமணி என்றொரு பிள்ளை. வாய்க்காலின் கடைசிக் காணி கணபதிப்பிள்ளையரின் இரண்டாவது மகள். அவள் எழுதும் இங்கிலீசைப் பார்த்தால் பட்டணத்துப் பிள்ளை என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் வாய் திறக்கமாட்டாள். எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், தினமும் பின்னேரம் வீட்டில் அரை மணித்தியாலம் பாடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று கட்டளை போட்டேன்.

மூன்றாம் நாள் அவளுடைய தாய் நாகம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றா. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறா என்று நினைத்து, ரையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனேன். "மாஸ்டர், பிள்ளையைத் தாய் தகப்பனை ஏசப் பழக்கிறியளோ?" என்று கேட்டா. விசாரித்தபோதுதான் விளங்கியது. பெரியவர்கள் இருக்கிற இடத்தில், அவர்களுக்கு விளங்காத பாஷையில் ஒரு பிள்ளை சத்தம்போட்டுக் கதைத்தால் அது அவர்களைப் பற்றித்தான் இருக்கும்; விளங்கக் கூடாதென்றுதானே அந்தப் பாஷையில் கதைக்கிறாள் என்பது அந்த வீட்டின் எண்ணம். அந்த வீடு மட்டுமல்ல, கொலனி முழுக்க அதே எண்ணம்தான். என் வகுப்பில் வாய்கள் ஏன் பூட்டிக் கிடந்தன என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நாகம்மா இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னா.

"வேணுமெண்டால் வயலுக்கை போய் மாட்டோடை கதைக்கட்டும் மாஸ்டர். மாடு மரியாதை பார்க்காது."

ஓவசியருக்கு வந்த தைரியம்

சிறுபோக நெற்செய்கைக்காக ஒவ்வொரு வருடமும் ஒரு கூட்டம் நடக்கும். குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எத்தனை ஏக்கர் செய்யலாம், குளத்து மதகான துருசை எந்த நாள் திறப்பது என்றெல்லாம் அதில்தான் முடிவாகும். ஒரு வருடம் நீர்ப்பாசனப் பகுதிக்குத் தெற்கிலிருந்து புது ஓவசியர் ஒருவர் மாற்றலாகி வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, கமக்காரருக்குச் சிங்களம் தெரியாது. "எங்களுக்கு இங்கிலீசு மாஸ்டர் இருக்கிறார்" என்று பெருமையாக என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் எழும்பினேன். இந்தக் கொலனி மக்களின் சார்பில் என்று தொடங்கி, மூச்சு விடாமல், நடுவில் நாலு கிளை வைத்த ஒரு வாக்கியம் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. ஓவசியர் முகம் கறுத்து, கோப்பினை மூடிவிட்டு, பார்த்துச் சொல்கிறேன் என்றார். கூட்டம் அவ்வளவுதான் என்று எல்லோரும் எழும்பும் நேரத்தில், தகப்பனுக்குப் பதிலாக வந்திருந்த ராசலிங்கம் முன்னால் போனான். அப்போது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. "வோட்டர் நோ. பெடி டை. மண்டே ஓப்பின்?" என்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓவசியர் சிரிக்கும் சத்தம் கேட்டுத் திறந்தேன். "மண்டே நோ. வெனஸ்டே ஓப்பின்" என்று சொல்லி அவன் தோளில் தட்டினார். அத்தனை கமக்காரரின் போகமும் அந்த ஆறு சொல்லில் தப்பியது. திரும்பி வரும் வழியில் ராசலிங்கம் எனக்கு ஆறுதல் சொன்னான்.

"நீங்கள் கதைச்ச இங்கிலீசுக்கு அந்தாள் பயந்திட்டார் சேர். என்ர இங்கிலீசைக் கேட்டாப்பிறகுதான் மனுசனுக்கு வாய் திறக்கத் தைரியம் வந்தது."

எல்லாருக்கும் பொதுவான பெயில்

இவர்கள் எஸ்.எஸ்.சி வகுப்புக்கு வந்தபோது ஒரு விவாதம் வைத்தேன். இந்த நாட்டவர் தமக்குள் பேச எந்தப் பாஷை என்பது தலைப்பு. வெளியில் பாஷைச் சண்டை கொதித்துக்கொண்டிருந்த நேரம். தலைமை ஆசிரியர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வைத்தேன். நான் எதிர்பார்த்தபடியே சிலர் தமிழுக்காக மேசையில் அடித்துப் பேசினார்கள். அதில் எனக்கு அதிர்ச்சி ஒன்றுமில்லை, அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. இங்கிலீசுக்காக ராசலிங்கம் எழும்பியதும்தான் என் நெஞ்சு நிமிர்ந்தது. நாலு வருட உழைப்பு வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

அவன் சொன்ன காரணம் இது: "சிங்களத்திலை சோதினை வைச்சால் சிங்களச் சனம் பாஸ், நாங்கள் பெயில். தமிழிலை வைச்சால் நாங்கள் பாஸ், அவை பெயில். இங்கிலீசிலை வைச்சால் எல்லாரும் பெயில். ஒருத்தருக்கும் கோவம் வராது." வகுப்பே கைதட்டியது. ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் நெஞ்சில் சுமந்துகொண்டு வந்தவன் நான். என் பாஷைக்கு இந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்த ஒரே பெருமை, அது எல்லோரையும் சமமாக விழுத்தும் என்பது! கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக ஜவாஹிரைக் கேட்டேன். அவன் செட்டிகுளத்தில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவரின் மகன். மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அவன் எந்தப் பாஷைக்கும் கை உயர்த்தவில்லை.

"என்ர வாப்பா மூண்டு பாஷையிலையும் சீனி விக்கிறவர் சேர். அவருக்கு ஒருத்தரும் ஒரு பாஷையிலையும் சோதினை வைக்கேல்லை."

ஆஸ்பத்திரியில் இருவர்

அந்த வருடம் நாகம்மாவுக்கு வயிற்றில் கடுமையான வருத்தம். வவுனியாப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டில் கொடுத்து மறித்துவிட்டார்கள். தவமணிதான் கூட நின்றாள். வாட்டில் இருந்த தாதி சிங்களப் பிள்ளை. தவமணியைவிட நாலைந்து வயதுதான் மூப்பாக இருக்கும். எங்கே நோகிறது என்று அவள் கேட்பது தாய்க்கு விளங்கவில்லை. தாய் சொல்வது அவளுக்கு விளங்கவில்லை. அந்தத் தாதி பாவம், ஒவ்வொரு இடமாக அமத்தி அமத்தி முகத்தைப் பார்த்திருக்கிறாள். நாகம்மாவோ, அந்நியப் பிள்ளைக்கு முன்னால் முகம் சுளிக்கக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறா.

தவமணி வாயைத் திறந்தாள். மாட்டைத் தவிர வேறொரு உயிரோடு அவள் இங்கிலீசு கதைத்தது அதுதான் முதல்தரம். நோவு எங்கே, எப்போது தொடங்கியது, சாப்பிட்டால் கூடுகிறதா குறைகிறதா எல்லாம் சொன்னாள். தாதியும் தட்டித் தடுமாறித் திரும்பக் கேட்டாள். இரண்டு பேருக்கும் ஒரு சொல் வராமல் போய், இரண்டு பேரும் சிரித்தார்களாம். சுகமாகி வந்த நாகம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என் அறைக்கு வந்தா. பழைய ஏச்சு பாக்கி இருக்கிறதோ என்று பயந்துகொண்டே எழும்பினேன்.

"எனக்கு முன்னாலை வைச்சு, எனக்கு விளங்காமல்தான் ரெண்டு பேரும் கதைச்சினம் மாஸ்டர். ஆனா ஏசேல்லை எண்டு விளங்கிச்சுது."

பழுப்பு உறை

தவமணி எஸ்.எஸ்.சியில் இங்கிலீசோடு தேறினாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை என்னிடம் வாயால் சொல்லவில்லை, ஒரு தாளில் எழுதித் தந்தாள். தாதியாகப் போக வேண்டும். படிப்பு இங்கிலீசில், இன்ரவியூவும் இங்கிலீசில். கணபதிப்பிள்ளையர் நல்ல மனிதர். ஆனால் வாய்க்காலுக்கு அப்பால் உள்ள உலகம் முழுவதையும் சந்தேகிப்பவர். கொழும்பில் பெண்பிள்ளையைத் தனியே விடுவதா என்று ஒரு மாதம் யோசித்தார். நாகம்மாதான் அவரைச் சம்மதிக்க வைத்தா. விண்ணப்பம் போனது. "அரசாங்கத்திலிருந்து, முத்திரை ஒட்டாத பழுப்பு உறையில் ஒரு கடிதம் வரும். வந்த உடனே பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும்" என்று அவருக்குப் பத்துத்தரம் படித்துப் படித்துச் சொன்னேன்.

எழுத்துக்கு எனக்குப் பயமில்லை, பேச்சுக்குத்தான் பயம். அதனால் பின்னேரங்களில் பள்ளிக்கூட அலுவலக அறையில் நானும் தலைமை ஆசிரியரும் மேசைக்குப் பின்னால் இருந்து கேள்வி கேட்போம், அவள் முன்னால் நிற்பாள். முதல் வாரம் பழையபடி பெருவிரல்தான். இரண்டாம் வாரம் ஓம், இல்லை என்ற அளவுக்கு வந்தாள். ஒரு நாள் தலைமை ஆசிரியர், ஏன் தாதியாக வர விரும்புகிறாய் என்று கேட்டார். அவள் தலையை நிமிர்த்தினாள். தாய் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததையும், தனக்குத் தெரிந்த கொஞ்சச் சொல் அந்தக் கட்டிலடியில் போதுமாக இருந்ததையும், இன்னும் எத்தனையோ கட்டில்களில் அந்தக் கொஞ்சமும் இல்லாமல் சனம் கிடக்கும் என்பதையும், எங்களை நேரே பார்த்து, இங்கிலீசில் சொன்னாள். எங்கள் இருவருக்கும் அடுத்த கேள்வி மறந்துவிட்டது. தலைமை ஆசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை நல்லாத்தான் கதைக்குது ஐசே. நீர் ஏன் கண்ணைத் துடைக்கிறீர்?"

தந்தி

இனிச் சொல்லப்போவதை உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். கொலனியில் தந்தி என்றால் சாவு. வேறு எந்தச் செய்திக்கும் அங்கே தந்தி வந்ததை ஒருவரும் கண்டதில்லை. தந்தி இங்கிலீசில் வரும். தந்திச் சேவகனின் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினாலே பெண்கள் ஒப்பாரிக்குக் குரல் எடுத்துவிடுவார்கள். யார் செத்தது என்று தெரிந்துகொள்ளத்தான் என்னிடம் ஓடி வருவார்கள்.

அந்த ஆனி மாதம் தவமணியின் அக்காவுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அது தவறினால் ஆடி பிறந்துவிடும், பிறகு கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. நானும் போய்ப் பந்தியில் இருந்தேன். கணபதிப்பிள்ளையர் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார். எனக்குச் சோறு போட்டுவிட்டுப் போனவர் கறியோடு திரும்பி வரவில்லை. கல்யாண வீட்டுப் பரபரப்பு என்று நினைத்தேன். தவமணி மட்டும் ஓடி வந்து, "கடிதம் இன்னும் வரேல்லை சேர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பே கணபதிப்பிள்ளையர் வந்து நின்றார். தோளில் சால்வை, கையில் உடுப்புப் பை. பைக்குள்ளிருந்து பிரிக்காத தந்தி ஒன்றை எடுத்தார். உறையில் உமி ஒட்டியிருந்தது. "கலியாணத்துக்கு முந்தின திங்கட்கிழமை வந்தது மாஸ்டர். அண்ணர் பருத்தித்துறையிலை படுத்த படுக்கை. அவர்தான் எண்டு விளங்கீட்டுது. சாவைக் கேள்விப்பட்டால்தானே துடக்கு, தீட்டெல்லாம்? துடக்கெண்டால் கலியாணம் நிண்டிடும். அதாலை கேள்விப்படாமல் விதைநெல் மூட்டைக்குள்ளை வைச்சிருந்தனான். தவமணியின்ர கண்ணிலை மட்டும் படக் கூடாதெண்டு பார்த்தன், அவள் வாசிச்சிடுவாள். கலியாணத்துக்கு அண்ணர் வீட்டாலை ஒருத்தரும் வரேல்லை, அப்பவே முடிவாய்ப் போச்சு. நேற்றுக் கலியாணத்தின்ர நாலாம் சடங்கும் முடிஞ்சுது. இனி வாசியுங்கோ. செத்தவீட்டுக்குத்தான் போகேல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கெண்டாலும் போகவேணும்" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

பிரித்தேன். கொழும்பில், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தவமணிக்கு இன்ரவியூ. கடிதம் போய்ச் சேர நேரம் போதாதென்று யாரோ ஒரு நல்ல மனிதர் தந்தியாக அடித்திருக்கிறார். வியாழன் போய் ஐந்து நாள். வாயில் தமிழும் வரவில்லை, இங்கிலீசும் வரவில்லை. அந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளுக்கு வந்த தந்தி, அவள் வாசித்துவிடுவாள் என்பதற்காகவே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் தினமும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு அதே மூட்டையைக் கடந்துதானே போய் வந்திருப்பாள்! "இது உங்கள் அண்ணரைப் பற்றியதல்ல" என்று மட்டும் எப்படியோ சொன்னேன். கணபதிப்பிள்ளையர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அப்ப அண்ணர் இருக்கிறாரோ? முருகா! நல்ல செய்தி சொன்னியள் மாஸ்டர், நீங்கள் நல்லா இருக்கவேணும்!"

மனு

மற்றதையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு பள்ளிக்கூடத்து முன் வாய்க்கால் வரம்பில் குந்திவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரை அந்த இடத்திலேயே ஏசியிருப்பேன். ஆனால் பழுப்பு உறை, பழுப்பு உறை என்று பத்துத்தரம் சொன்ன நான், தந்தியாகவும் வரலாம் என்று ஒருதரம் சொல்லவில்லையே என்ற நினைப்பு வந்து வாயைக் கட்டியது. இருவரும் அவருடைய வீட்டுக்கு நடந்தோம். படலையில் கட்டிய கல்யாண வாழை இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

தவமணி நின்றபடியே வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். "எங்கை இருந்தது?" என்று கேட்டாள். தகப்பன் மூட்டையைக் காட்டினார். அவள் அழுவாள், கத்துவாள் என்று நான் நின்றுகொண்டிருக்க, உள்ளே போய்த் தாளும் பேனையும் எடுத்துவந்து, கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினாள். குசினி வாசலில் நாகம்மா என்ன நடந்ததென்று தெரியாமல் முகம் முகமாகப் பார்த்தா. எழுதி முடித்ததை வாங்கிப் பார்த்தேன். திருத்த ஒரு எழுத்தும் இல்லை. ஆனால் தந்தி பிந்தித் தன் கைக்குக் கிடைத்தது, தயவுசெய்து இன்னொரு நாள் தரவேண்டும் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. "நடந்ததை எழுது பிள்ளை. அப்பா ஏன் ஒளித்தார் என்று எழுதினால்தான் அவர்களுக்கு இரக்கம் வரும்" என்று சத்தம் போட்டேன். நாலு வருடத்தில் எனக்கு ஒருநாளும் எதிர்ச்சொல் சொல்லாத பிள்ளை, தகப்பனுக்குக் கேட்காத மாதிரி மெல்லச் சொன்னாள்.

"அப்பாவைக் குறை சொல்லி இங்கிலீசிலை எழுதமாட்டன் சேர். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது."

பதில்

தவமணி தாதியாகவில்லை. அடுத்த விளம்பரம் வருவதற்குள் நாகம்மா அவளுக்கும் சம்பந்தம் பேசி முடித்துவிட்டா. மாப்பிள்ளை அதே கொலனியில் கமம் செய்பவர், குறை சொல்ல முடியாத மனிதர். தந்தி வந்தால் சனம் என்னிடம் ஓடி வருவதை விட்டு அவளிடம் போகத் தொடங்கியது. பிரித்த கையோடு, மற்றதெல்லாம் பிறகு என்று, சாவா இல்லையா என்பதை முதலில் உரத்துச் சொல்லிவிடுவாளாம். பிறகு பிறகு சோதினை பாஸ், பிள்ளை பிறந்தது என்றும் தந்திகள் வரத்தொடங்கின. அதையெல்லாம் வேலிக்கு மேலால் கூவிச் சொல்லும் அவளுடைய குரலைக் கேட்டால், வகுப்பில் பெருவிரல் பார்த்து நின்ற பிள்ளை இதுதானா என்று இருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது மனுவுக்குப் பதில் வந்த நாளைப் பற்றி. இந்தமுறை பழுப்பு உறைதான் வந்தது. வந்த உடனே தகப்பன் அதை மகளின் கையில் கொடுத்திருக்கிறார், அவளும் வாசித்துச் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "எனக்கு நோகக் கூடாதெண்டு பிள்ளை மாத்திச் சொல்லியிருப்பாளோ தெரியேல்லை. நீங்கள் வாசியுங்கோ" என்றார். வாசித்தேன். அந்த வருடத்து இடங்கள் நிரம்பிவிட்டன, அடுத்த விளம்பரம் வரும்போது விண்ணப்பிக்கலாம். அவள் ஒரு சொல்லையும் மாற்றியிருக்கவில்லை. அவர் கடிதத்தை வாங்கி, மடித்து, மடியில் செருகிக்கொண்டார். போகத் திரும்பியவர் நின்றார். குரலில் கோபம் இருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒன்றுமே இல்லை.

"நாலு வருசம் என்ர பிள்ளைக்கு இங்கிலீசு படிப்பிச்சியள் மாஸ்டர். இங்கிலீசிலை நல்ல செய்தியும் வருமெண்டு எனக்கு ஒருக்காச் சொல்லியிருக்கலாமே."

பிள்ளைகளுக்கு அந்தப் பாஷையைப் பிழையில்லாமல் படிப்பித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த எனக்கு, அதைப் பற்றித் தாய் தகப்பனிடம் தமிழில் நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும் என்பது பென்சன் எடுக்கும் வயதில்தான் உறைத்தது.